மோட்டார் வண்டியும் பட்டறைச் செலவும்

தில்லியிலே, சிறப்பாகச் சரோஜினி நகர், நேதாஜி நகர், லக்ஷ்மிபாய் நகர் முதலிய அரசாங்கக் குடியிருப்புக்களிலே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மோட்டார்க் கார் இன்று ஆடம்பரப் பொருளன்று. இப்பகுதிக்கு வினய் நகர் என்று பெயர் வழங்கிய காலத்தில், தெருவில் ஒரு வண்டி நின்றால் அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். இப்பொழுதோ வண்டியை நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. கார் வாங்கும்பொழுது நாம் பார்க்கும் கணக்குக்கு அளவில்லை. நாலு கடை ஏறி இறங்குகிறோம், நண்பர்களைக் கேட்கிறோம், வட்டி விகிதத்தைக் கால் சதவீதம் வரை ஒப்பிடுகிறோம். வாங்கிய பிறகு, ஆண்டுதோறும் பட்டறைக்குச் செலுத்துகின்ற தொகையைப் பற்றியோ அத்துணைக் கவலை கொள்வதில்லை. "கம்பெனிப் பட்டறையில் விட்டால் கொள்ளை, வெளியே விட்டால் வண்டி கெட்டுவிடும்" என்ற இரண்டு வாக்கியங்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டும் பாதி உண்மைகளே. மற்றப் பாதி என்ன என்பதை இங்கே சிறிது ஆராயலாம்.

இந்தக் கேள்வி நம் முந்திய தலைமுறைக்கு எழவேயில்லை. அம்பாஸிடர், பியட், சென்னையை அடுத்துத் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுமே சாலையை ஆண்ட நாட்களில், கார்ப்யுரேட்டரைக் கழற்றித் துடைக்கவும், பிளாட்டின முனைகளைச் சரிசெய்யவும், டாப்பெட்டின் ஓசையைக் காதாலேயே அளக்கவும் வல்ல மிஸ்திரி பேட்டைக்கு ஒருவர் இருந்தார். வண்டியின் உடலமைப்பு அவருக்கு மனப்பாடம். 1983 டிசம்பர் 14-ஆம் தேதியன்று முதல் மாருதிக் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அவர்கள் வழங்கினார். அதைப் பெற்றுக்கொண்டவர் நமக்கு அண்டைப் பேட்டையாகிய கிரீன் பார்க்கைச் சேர்ந்தவர். அந்த வண்டியோடு புதிய முறை ஒன்றும் வந்தது. கம்பெனியே பட்டறையை ஏற்பாடு செய்வது, குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை அங்கே கொண்டு செல்வது, ஒரு சிறு புத்தகத்தில் முத்திரை வாங்குவது என்னும் பழக்கம் நடுத்தரக் குடும்பங்களிடையே வேரூன்றியது அதன்பின்தான்.

அடுத்து வந்த மாறுதல் இதனினும் பெரிது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, கார்ப்யுரேட்டர் போய், கணிப்பொறி எரிபொருளை அளந்து செலுத்தும் முறை வந்தது. 2013 ஏப்ரல் முதல், என்ஜினில் நேரும் கோளாறுகளைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் கருவியின் இரண்டாம் கட்ட ஏற்பாடு புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தால், அது என்ன சொல்கிறது என்று படிக்க ஒரு கருவி வேண்டும். காதால் கேட்டு நோயறிந்த மிஸ்திரியின் கலை அங்கே பாதியாகக் குறைந்தது. கருவி யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் வண்டி போக வேண்டும் என்ற நிலைமை பிறந்தது. செலவுக் கதையின் வேர் இதுவே.

முதலில் கம்பெனிப் பட்டறையின் விலைச்சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். அதில் நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது கூலி. இது தொழிலாளி உண்மையில் செலவிட்ட நேரத்துக்கு உரியதன்று. இன்ன வேலைக்கு இத்தனை நேரம் என்று கம்பெனி முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி போடப்படுவது. கண்ணாடி வைத்த முகப்புக்கூடம், குளிரூட்டிய காத்திருக்கும் அறை, கருவிகள், நில வாடகை ஆகிய எல்லாம் இந்தக் கூலியில்தான் அடங்குகின்றன. இரண்டாவது உதிரி உறுப்புக்கள். மூன்றாவது எண்ணெய் முதலிய செலவழியும் பொருள்கள். "இலவச ஸர்வீஸ்" என்று சொல்லப்படுவதில் கூலி மட்டுமே இலவசம் என்பதும், எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் நாம்தான் பணம் கொடுக்கவேண்டும் என்பதும் புதிதாகக் கார் வாங்கியவர் பலருக்கு முதற் சீட்டைக் கண்டபொழுதுதான் தெரியவருகின்றன.

நான்காவது பகுதிதான் கவனத்துக்கு உரியது. என்ஜினை உட்புறம் அலசுதல், எரிபொருள் ஊசிகளைச் சுத்தம் செய்தல், குளிரூட்டியில் கிருமிநாசினி தெளித்தல், அடிப்பாகத்துக்குப் பூச்சு, உள்ளே மெருகு என்று ஒரு வரிசை. வண்டியை ஒப்புக்கொள்ளும் ஆலோசகர் கனிவாகப் பேசுவார், "ஸார், இதையும் செய்துவிடலாமா?" என்பார். நாம் அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் தலையசைத்துக் கையெழுத்திடுவோம். வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்திலே, எத்தனை கிலோமீட்டருக்கு என்னென்ன செய்யவேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அதில் இந்த வரிசையில் உள்ளவற்றுள் பலவற்றைக் காண இயலாது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் இட்டவையே. சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் ஆண்டுப் பராமரிப்புக்குக் கம்பெனிப் பட்டறையில் கூலி 2,000 ரூபாய் என்றும், எண்ணெய், இரண்டு வடிகட்டிகள் ஆகியவற்றுக்கு 2,600 ரூபாய் என்றும், மேலே சொன்ன உபரி வேலைகளுக்கு 3,400 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக மொத்தம் 8,000 ரூபாய். அதே வண்டிக்கு வெளிப் பட்டறையில் கூலி 700 ரூபாய், அதே தரமுள்ள பொருள்களுக்கு அதே 2,600 ரூபாய், ஆக 3,300. வித்தியாசம் 4,700 ரூபாய் என்று நாம் திகைக்கிறோம். ஆனால் அதைப் பிரித்தால், கூலி வகையில் வந்த வித்தியாசம் 1,300 ரூபாய்தான். எஞ்சிய 3,400 ரூபாய் நாம் தலையசைத்ததற்கான விலை. வேண்டாம் என்று சொல்லக் கற்றவருக்குக் கம்பெனிப் பட்டறை அவ்வளவு பெரிய பூதமன்று. இதைச் சொல்லாமல் இரு பட்டறைகளின் மொத்தத் தொகைகளை மட்டும் ஒப்பிடுவது நேர்மையான கணக்காகாது.

உதிரி உறுப்புக்களின் விஷயம் வேறு. அங்கே நமது தலையசைப்புக்கு இடமில்லை. விலை வேறெங்கோ தீர்மானமாகிறது. இதைப் பற்றி நம் நாட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் 2011-ஆம் ஆண்டில் ஒரு குடிமகன் தகவல் மனு ஒன்றைக் கொடுத்தார். கார்க் கம்பெனிகள் தங்கள் உதிரி உறுப்புக்களையும், பழுதுபார்க்கும் குறிப்புக்களையும், கோளாறு அறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர் கொண்டுவந்த குற்றச்சாட்டு. முதலில் மூன்று கம்பெனிகளின் பேரில் எழுந்த இந்த மனு, விசாரணையில் விரிந்துகொண்டே போயிற்று. 2014 ஆகஸ்டு 25-ஆம் தேதி ஆணையம் 14 கம்பெனிகளைக் குற்றம் செய்தவை என்று கண்டு, சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்த ஆணையத்தின் அலுவலகம் இன்று கிழக்குக் கித்வாய் நகரில், நம் சரோஜினி நகர் அங்காடியிலிருந்து மிக அண்மையிலேயே இருக்கிறது. அந்த உயரமான கட்டடங்களைத் தினமும் பார்த்துச் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு, நமது காரின் பிரேக் கட்டைக்கும் அவ்விடத்துக்கும் உள்ள உறவு தெரியும்?

ஆணையத்தின் வாதம் எளிய அறிவுக்கு எட்டக்கூடியதே. கார் வாங்கும் நாள் வரையில் நமக்குப் பத்துக் கம்பெனிகள். யாரிடமும் பேரம் பேசலாம். வாங்கிய மறுநாள் முதல், அந்தக் காரில் பொருந்தும் உறுப்புக்கு ஒரே கம்பெனிதான். பெரும் பணம் போட்டாயிற்று. உறுப்பின் விலை அதிகம் என்பதற்காக வண்டியையே மாற்ற இயலுமா? எனவே உதிரி உறுப்புச் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிக்குத் தானே தனியரசு. அந்த ஆதிக்கத்தைப் பயன்படுத்தி விலையை உயர்த்துவதும், வெளியார் நுழையாதபடி கதவை அடைப்பதும் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று ஆணையம் முடிவு செய்தது.

இந்த வழக்கில் தமிழ்நாட்டாருக்குச் சுவையளிக்கும் கூறு ஒன்று உண்டு. காரின் பெயரைத் தாங்கிய கம்பெனி எல்லா உறுப்புக்களையும் தானே செய்வதில்லை. பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்டியரிங் பாகங்கள், திருகாணிகள் என்று எண்ணிறந்தவற்றை வேறு தொழிற்சாலைகள் செய்து அனுப்புகின்றன. பாடியிலுள்ள பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ். முதலியவை அத்தகையவை. சென்னைக்கு மேற்கே ரயிலில் போகிறவர் பலர் அந்த மதில்களைக் கண்டிருப்பர். ஒரே தொழிற்சாலையின் சரக்கு, கார்க் கம்பெனியின் பெட்டியில் ஒரு விலைக்கும், செய்தவரின் சொந்தப் பெட்டியில் மற்றொரு விலைக்கும் விற்பது இத்தொழிலில் சாதாரணம். ஆனால், சொந்தப் பெட்டியில் வெளிச்சந்தைக்கு விற்கக் கூடாது என்று உறுப்புச் செய்வோரைக் கார்க் கம்பெனிகள் ஒப்பந்தத்தால் கட்டிவைத்திருந்ததை ஆணையம் கண்டித்தது. ஆகவே "கம்பெனிப் பெட்டி", "செய்தவர் பெட்டி", "போலி" என்று மூன்று வகை உண்டு என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். முதலிரண்டையும் நம்பலாம். மூன்றாவதுதான் ஆபத்து. கம்பெனிப் பெட்டியில் இல்லாததெல்லாம் போலி என்று பேசுவது வியாபாரப் பேச்சு.

இனி உத்தரவாதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். "வெளியே ஒரு திருகைத் தொட்டாலும் உத்தரவாதம் போய்விடும்" என்று ஆலோசகர்கள் அச்சுறுத்துவதுண்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்துச் செய்வதாக நிபந்தனை விதிக்கலாகாது என்பது 2014-ஆம் ஆண்டு ஆணையின் கட்டளைகளில் ஒன்று. வெளியே செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் நேர்ந்ததோ, அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்; அதற்கும் சூழ்நிலை தெளிவாக இடம் தரவேண்டும். இந்த ஆணையை எதிர்த்துக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் முறையீட்டில் குற்றத்தை உறுதி செய்து, அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது. பின்னர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, "பழுதுபார்க்கும் உரிமை" என்ற பெயரில், கம்பெனிகள் தத்தம் பொருள்களைப் பழுதுபார்ப்பது பற்றிய தகவல்களை வெளியிடுவதற்கென ஓர் இணையத்தளத்தை ஏற்படுத்தியது. மோட்டார் வண்டிகளும் அதில் அடங்கும்.

சட்டம் இவ்வாறிருப்பினும், உத்தரவாதம் நடைமுறையில் உள்ள ஆண்டுகளில் வண்டியைக் கம்பெனிப் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. உரிமை நமது பக்கம் இருந்தாலும், கியர்ப்பெட்டி பழுதான ஒரு நாளில் அந்த உரிமையை நிலைநாட்ட நுகர்வோர் ஆணையத்தின் படிகளை ஏறுவதைவிட, ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் அதிகக் கூலி கொடுப்பது மலிவு. நம்மவர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. கோடை விடுமுறையில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற குடும்பங்கள் இன்று பல. நாகபுரிக்கு அப்பால் வண்டி நின்றுவிட்டால், தில்லியில் நடந்த வேலைகளின் வரலாறு அங்குள்ள கம்பெனிப் பட்டறையிலும் கிடைக்கும். சரோஜினி நகர் மிஸ்திரியின் ஞாபக சக்தி அவ்வளவு தூரம் எட்டாது.

உத்தரவாதம் தீர்ந்தபின் கணக்கு மாறுகிறது. பிரேக் கட்டை, கிளட்ச், அதிர்ச்சி தாங்கிகள், பாட்டரி, டயர், குளிரூட்டியின் சாதாரண வேலை, எண்ணெய் மாற்றம் ஆகியவற்றை நல்ல வெளிப் பட்டறை செம்மையாகச் செய்யும், கூலியும் குறைவு. மேலும், வெளி மெக்கானிக் ஓர் உறுப்பைத் திறந்து சீர்ப்படுத்தப் பார்ப்பார். கம்பெனிப் பட்டறையோ முழு உறுப்பையே மாற்றும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் தேய்ந்த கரிக்கட்டையை மாற்றச் சில நூறு ரூபாய் போதும். மோட்டாரையே மாற்றினால் ஆயிரக்கணக்கில் ஆகும். எதிர்ப்புறமும் சொல்லவேண்டும். காற்றுப்பை, சக்கரம் பூட்டாத பிரேக்கின் மின்னமைப்பு, திருட்டுத் தடுப்புச் சாவி, தானியங்கிக் கியர்ப்பெட்டி இவற்றை, அவ்வண்டிக்குரிய கருவி இல்லாதவரிடம் கொடுக்கலாகாது. வெளியே கிடைக்கும் பொதுக் கருவிகள் பல என்ஜினின் குறிப்புக்களை மட்டுமே படிக்கும். வண்டியில் தயாரிப்புக் குறை கண்டு கம்பெனி திரும்ப அழைக்குமாயின், நீங்கள் எத்தனை ஆண்டுகளாக வெளியே பராமரித்திருந்தாலும் அக்குறையைக் கம்பெனிப் பட்டறையிலேயே இலவசமாகச் சரிசெய்து பெறலாம். அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

பட்டறைக்கே போகாமல் செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. தில்லியின் புழுதியும் பனிக்காலப் புகையும் வண்டிக்குள் வரும் காற்றின் வடிகட்டியைச் சீக்கிரத்தில் அடைத்துவிடும். பெரும்பாலான சிறு கார்களில் அது இடப்பக்க இருக்கைக்கு முன்னுள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பத்து நிமிஷத்தில், கருவி ஏதுமின்றி, கையாலேயே மாற்றிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டாலும் செய்துவிடுவார்கள்.

வெளி மெக்கானிக்கை எப்படித் தேர்வது? அவர் முன்பின் அறியாத வண்டியை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறாரா என்று பாருங்கள். "இது எனக்கு வராது" என்று சொல்லத் தெரிந்தவரை நம்பலாம். எண்ணெயின் தரக் குறியீட்டைக் கைப்புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள். மூடி திறவாத குப்பியைக் கண்ணெதிரே திறக்கச் செய்யுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். தில்லியில் மெக்கானிக்குகள் பலர் காஷ்மீரி கேட் மொத்தச் சந்தையிலிருந்து உறுப்புக்களைத் தருவிக்கின்றனர். அங்கே முதல்தரச் சரக்கும் உண்டு. "நக்லி" எனப்படும் போலியும் உண்டு. உறுப்பின் விலையில் மெக்கானிக்குக்கு ஒரு சிறு கழிவு இருக்கும். அதை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. அதைத் தவிர்க்க எண்ணி நாமே வாங்கிக் கொடுத்தால், பிற்பாடு உறுப்பு தகராறு செய்யும்பொழுது "நீங்கள் வாங்கியதுதானே" என்ற பதில் வரும். பிரேக்கைப் பொறுத்த மட்டில் மட்டும், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் நாமே சீட்டுடன் வாங்குவது உத்தமம்.

சீட்டைப் பற்றிப் பேசும்பொழுது, தில்லிக்குப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டிய இரண்டு சொற்கள் உண்டு: "கச்சா பில்", "பக்கா பில்". முன்னது துண்டுத் தாளில் கிறுக்கித் தருவது. பின்னது வரி எண்ணுடன் கூடிய முறையான சீட்டு. "பக்கா பில் வேண்டுமானால் வரி சேரும்" என்பார்கள். பட்டறைக் கூலிக்கு வரி நூற்றுக்கு 18. உதிரி உறுப்புக்கள் பலவற்றுக்கு முன்பு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டு வரவு 20 லட்ச ரூபாய்க்குட்பட்ட சிறு பட்டறை இவ்வரிக்குப் பதிவு செய்துகொள்ளவேண்டிய கட்டாயமில்லை; ஆதலால் வரி எண் இல்லாமையே மோசடிக்கு அடையாளமாகாது. ஆனால் தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட உறுப்பு ஆகியவை அடங்கிய கையொப்பச் சீட்டை எந்தப் பட்டறையும் தரமுடியும். சீட்டுக் கொடுக்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகச் செயலாகவே கருதுகிறது. நூறு, இருநூறு ரூபாய் வரியை மிச்சப்படுத்த எண்ணிச் சீட்டில்லாமல் வந்தவருக்கு, வேலை கெட்டபின் வாதிட ஆதாரம் ஏதுமில்லை.

கம்பெனிப் பட்டறையில் தொகையைப் பற்றித் தகராறு எழுமானால், கோபத்தில் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவின்படி, உழைப்பும் திறமையும் செலவிட்டு வேலை செய்தவர், தம் கூலி வரும் வரையில் பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். ஆகையால் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று சீட்டின் பிரதியில் எழுதிக் கையொப்பமிட்டுப் பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு, பிறகு முறையிடுவதே வழி. தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசியின் எண் 1915, தமிழிலும் பேசலாம். நாம் ஒப்புக்கொள்ளாத வேலைக்குப் பணம் கேட்டிருந்தால், முதலில் கையெழுத்திட்ட வேலைச்சீட்டே நமக்குச் சாட்சி. எனவே வண்டியை விடும் காலையிலேயே, எழுதாமல் விட்டிருக்கும் கட்டங்களைக் கோடிட்டு அடித்து, "என்னைக் கேளாமல் கூடுதல் வேலை கூடாது" என்று எழுதிவிடுங்கள்.

பழைய வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தில்லி வட்டாரத்தில் டீஸல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025-இல் அது மறுபடியும் அந்நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு வந்து, சில வகை வண்டிகளுக்குத் தளர்வு கிடைத்தது. ஒன்பதாண்டான டீஸல் காருக்கு அறுபதினாயிரம் ரூபாயில் ஒரு பெரிய மராமத்தை எந்தப் பட்டறை சொன்னாலும், அன்றைய நாளில் உத்தரவு என்ன, உங்கள் வண்டி எந்த மாசுத் தர வகையைச் சேர்ந்தது என்று விசாரித்த பின்னரே சம்மதியுங்கள். பணி ஓய்வுக்குப்பின் வண்டியைத் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோகும் எண்ணமிருந்தால், ஆட்சேபணையின்மைச் சான்றிதழுக்கு வயது முதிருமுன் விண்ணப்பித்துவிட்டு அந்த மராமத்தை ஊரிலே செய்துகொள்வதும் ஒரு வழி. அங்கே கூலி குறைவு. மெக்கானிக்கோடு பேரம் பேசுவதும் தமிழிலேயே நடக்கும்.